திருவிழாவும் தண்ணீர்ப்பந்தல் அறமும்

திருக்கோயில் என்பது கருவறையும் விமானமும் திருமதிலும் மட்டும் அன்று. அடியார் நடந்துவரும் வழியும் அதனைச் சார்ந்ததே. குடமுழுக்கு, தேரோட்டம், தீர்த்தவாரி முதலிய பெருவிழாக்களில் ஓரூரார், ஒரு மரபினர், ஒரு தொழிலினர் தம்முட் கூடிச் சங்கமாக அமைந்து, வழியோரத்தில் பந்தலிட்டு, நீரும் மோரும் சோறும் வழங்குதல் தமிழ்நாட்டு வழக்கம். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இவ்வறம் மிகப் பழமையான வேர் உடையது.

திண்டிவனத்தைச் சூழ்ந்த நாடு பண்டு ஓய்மானாடு எனப்பட்டது. சங்க காலத்தில் அதனை ஆண்ட வள்ளல் நல்லியக்கோடன். இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கில் அவனுக்குரிய ஊர். அவனைப் பாடிய நத்தத்தனார், சிறுபாணாற்றுப்படையில் பாணர் செல்லும் வழியை முறையாகக் காட்டுகின்றார். கடற்கரையில் எயிற்பட்டினம், அது மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். அங்கே பரதவர் சுட்ட மீன் தருவர். அடுத்து வேலூர், எயினர் புளிச்சோறு இடுவர். அதற்கப்பால் ஆமூர், உழவர் வெண்சோறு படைப்பர். நிலம் மூன்று, தொழில் மூன்று, உணவும் மூன்று. விருந்தோம்பும் உள்ளம் ஒன்றே. ஒவ்வொரு மக்களும் தமக்குரியதையே கொடுத்தனர். பெறுபவர் குலம் வினவினார் அல்லர். பல்வகை மக்கள் கூடும் விழாவில் ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் பந்தல் அமைக்கும் முறைக்கு இதனினும் பழைய முன்மாதிரி இந்நாட்டில் காண்டல் அரிது.

சைவ மரபில் இவ்வறத்திற்குத் தலைசிறந்த சான்று திங்களூர் அப்பூதியடிகள். அவர் வழியிடையே தண்ணீர்ப்பந்தல் அமைத்தார். தம் பெயரை அதற்கு இட்டாரில்லை. தாம் நேரிற் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரையே எழுதிவைத்தார். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிற் பிறந்த நாவரசர், தல யாத்திரையில் அவ்வழி வந்து, பந்தலெங்கும் தம் பெயர் பொறித்திருத்தலைக் கண்டார். “நும் பெயர் எழுதாது வேறொருவர் பெயர் எழுதியது என்னையோ?” என்னும் கருத்துப்பட அப்பூதியாரை அவர் வினவியதும், அவ்வினாவே தம் ஆசானுக்கு இழுக்கெனக் கொண்டு அப்பூதியார் வெகுண்டதும், வந்தவர் யாவர் என உணர்ந்தபின் அடியில் வீழ்ந்ததும் பெரியபுராணத்தால் அறிவோம். நீர் வழங்கியவர் மறைந்து நின்றார்; நிழல் மட்டும் வெளியே தெரிந்தது. அப்பூதியார் பெருமை அதனாலேயே நிலைபெற்றது.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் தண்ணீர்ப்பந்தலுக்கு விட்ட நிவந்தங்கள் காணப்படுகின்றன. நீர் இறைப்பவனுக்கும், வருவோர்க்கு வார்ப்பவனுக்கும், கலம் வனைந்து தரும் குயவனுக்கும் தனித்தனியே பங்கு வகுத்த செய்தியும் அவற்றில் உண்டு. பொருள் கொடுத்தவன் ஒருவனாயினும் அறம் நடத்துவோர் பலர் என்பதை முன்னோர் மறந்திலர். இன்றும் பந்தல் நடத்தும் அன்பர்கள் இம்முறையை நன்கு அறிவர். ஆற்றுமணல் பரப்பிப் பானை வைத்து வெட்டிவேர் இடுவோர் சிலர். பானகத்திற்கு வெல்லம் தட்டுவோர் சிலர். சுவாமி எழுந்தருளும்போது வழி அடைபடாது காப்போர் சிலர். எல்லாரும் சென்றபின் எச்சிலிலை எடுத்துத் தெருவைத் தூய்மை செய்வோரின் தொண்டே இவற்றுள் உயர்ந்தது.

எனினும், இந்த அறத்தில் குறை நேர்ந்த காலமும் உண்டு. குலம் கேட்டு நீர் வார்த்ததும், ஒரு சாரார்க்கு எட்ட நின்று ஊற்றியதும், திருக்கோயில் வாயிலையே அடைத்ததும் மறைக்கத்தக்கன அல்ல. அப்பழியைத் துடைக்கப் பழைய தென்னார்க்காட்டு மாவட்டமே வழி காட்டிற்று. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தவர் என்பது ஒன்றே அங்கு உண்பதற்குத் தகுதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பின்னர் 1947-இல் சென்னை மாகாண ஆலயப்பிரவேசச் சட்டம் திருக்கோயில் வாயிலை அனைவர்க்கும் திறந்தது. சட்டம் வாயிலைத் திறக்கும். பந்தியை ஒன்றாக்குவது அன்பர் உள்ளமே.

பல நெறியினரும் ஒருங்கு கூடும் காட்சியை இப்பகுதியார் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று காண்கின்றனர். வீரசைவ மரபினதாகிய பொம்மபுர ஆதீனத்தைச் சார்ந்த மயிலம் முருகப்பெருமான், தீவனூர் விநாயகர், திண்டிவனம் நல்லியக்கோடன் நகர்ச் சீனிவாசப் பெருமாள் முதலிய மூர்த்திகள் புதுவை வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி காண எழுந்தருள்கின்றனர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, பல மொழியும் பல சமயமும் பயிலும் நகரம் புதுவை. அங்கே சைவம், வைணவம், சாக்தம் என்னும் வேறுபாடின்றி ஒரே கடலில் நீராட்டு நிகழ்கின்றது. தீவனூர் விநாயகர்க்குப் பொய்யாமொழி விநாயகர் என்னும் திருப்பெயரும் உண்டு. மிளகு வைத்திருந்த வணிகன் ஒருவன், கொடுக்க மனமின்றி உளுந்து என்று பொய் கூற, மிளகெல்லாம் உளுந்தாயிற்று என்பது தல வரலாறு. பொதுப்பணம் திரட்டிப் பந்தல் நடத்துவோர் தம் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைக்கத்தக்க வரலாறு இது.

கடல் கடந்த தமிழரும் இவ்வறத்தைக் கைவிட்டிலர். மலேசியாவின் பினாங்கில் தைப்பூச விழாவில் முருகப்பெருமான் இரதம் செல்லும் வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள் அமைகின்றன. சீனரும் அவ்விரதத்தின்முன் தேங்காய் உடைத்து வழிபடுகின்றனர். மொழி அறியாதவரும் பந்தலில் நீர் பெறுகின்றனர். தமிழர் இன்னார் என்பதை அயலார்க்கு அறிவிப்பதற்கு நீண்ட சொற்பொழிவு வேண்டா. முகமலர்ந்து நீட்டும் ஒரு குவளை மோர் போதும்.

இக்காலத்தே பந்தல்கள் பெருகியுள்ளன, மகிழத்தக்கதே. ஆயினும் சில இடங்களில் நீர்ப்பானை சிறுத்து, பெயர்ப்பலகை பெருத்து நிற்கின்றது. தம் மரபினர்க்கு முதலிடம் என்னும் எண்ணமும் ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. சங்கத்தின் பெயர் இடுதல் தவறன்று. கணக்கிற்கும் பொறுப்பிற்கும் அது வேண்டியதே. ஆனால், பெயர் பந்தலுக்காக அமைதல் வேண்டும். பந்தல் பெயருக்காக அமைதல் கூடாது. ஓய்மானாட்டார்போல் தமக்குரியதைக் கொடுத்து, அப்பூதியார்போல் தம்மை மறைத்து, வடலூர் வள்ளலார்போல் பசி ஒன்றையே கேட்டுப் பந்தல் நடத்தும் கூட்டத்தார் எவராயினும், அவர்தம் பந்தல் திருக்கோயிலின் ஒரு மண்டபமே ஆகும்.

குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் உபயம் செய்த அன்பர்களும், வழியில் நின்று நீர் வார்க்கும் தொண்டர்களும் எல்லா நலங்களும் பெற்று இன்புறுமாறு இறைவன் திருவருள் முன்னின்று காப்பதாக.

திருச்சிற்றம்பலம்.