பழைய இராணுவ ரைபிள்: புதுப்பித்தலும் விலைமதிப்பும்

ரொறன்ரோவை ஒட்டிய மிசிசாகா நகரில், ஒன்டாரியோ ஏரிக்கரைக்கு அருகே ஒரு பழைய கட்டிடம் இருக்கிறது. இன்று கலை நிகழ்ச்சிகள் நடைபெறும் அக்கட்டிடம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லாங் பிராஞ்ச் ஆயுதத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடமாக இருந்தது. 1940ல் நிறுவப்பட்ட அத்தொழிற்சாலை 'லீ என்பீல்ட் நம்பர் 4' ரைபிள்களை இலட்சக்கணக்கில் செய்தது. அங்கு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊரில் பொலிஸார் தோளில் பார்த்து 'த்ரீ நாட் த்ரீ' என்று நாம் அறிந்த துப்பாக்கியின் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

இத்தகைய ரைபிள்கள் கனடாவில் வீட்டு நிலவறைகளிலிருந்து இன்றும் வெளிவருகின்றன. கையில் கிடைத்ததும் பலர் செய்யும் முதல் காரியம், மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசுவதுதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய நமக்கு இது இயல்பாகத் தோன்றும். ஆனால் சேகரிப்போர் சந்தையில் ரைபிளின் மதிப்பு பெருமளவு கரைந்துபோவது அந்த ஒரு பிற்பகலில்தான்.

காரணம் எளிது. மரத்திலும் உலோகத்திலும் பதிந்துள்ள சிறு முத்திரைகளே அதன் பிறப்புச் சான்றிதழ். சி என்ற ஆங்கில எழுத்துக்குள் ஓர் அம்புக்குறி இருந்தால் அது கனடிய அரசின் உடைமையாக இருந்தது என்று பொருள். உடற்பகுதியின் இடப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும் இருக்கும். வரிசை எண் உடற்பகுதியிலும் போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்கள் மாறுபட்டால் விலை இறங்கும்.

இருவகைப் புதுப்பித்தல்

இராணுவமே செய்த புதுப்பித்தல் வேறு, பின்னாளில் தனியார் செய்தது வேறு. போருக்குப் பின் பிரித்தானியாவின் பசாகர்லி தொழிற்சாலையில் ஏராளமான ரைபிள்கள் முழுமையாகப் பிரித்துச் சீராக்கப்பட்டன. அவற்றில் 'எஃப்டிஆர்' என்ற எழுத்துகளும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. சிலவற்றில் விசையின் இணைப்பே மாற்றப்பட்டது. முன்பு விசை, விசைக்காப்பு வளையத்தில் பொருத்தப்பட்டிருந்தது; மரம் ஈரத்தில் உப்பினாலோ காய்ந்து சுருங்கினாலோ இழுவை மாறியது. அதனால் விசையை உலோக உடலிலேயே பொருத்தினார்கள். இவ்வாறு மாற்றப்பட்டவை 'மார்க் 1/2', 'மார்க் 1/3' எனக் குறிக்கப்பட்டன. இதுவும் அந்த ரைபிளின் வரலாறே என்பதால் சேகரிப்போர் இதைக் குறையாகக் கருதுவதில்லை.

போருக்குப் பின் மலிவாக விற்கப்பட்ட ரைபிள்களில் பல, மான் வேட்டைக்கென்று முன்மரம் அறுக்கப்பட்டு எடை குறைக்கப்பட்டவை. இவற்றின் விலை மிகக் குறைவு. குழல் அறுபடாமல் இருந்தால் பழைய மர உறுப்புகளைத் தேடிப் பொருத்தலாம். ஆனாலும் கைபடாத ஒன்றின் விலையை அது எட்டாது. குழலும் அறுபட்டிருந்தால் செலவு வரவை மிஞ்சிவிடும்.

மதிப்பிடும் முறை

ஏறக்குறைய மதிப்பின் இறங்கு வரிசை இது: எண்கள் பொருந்திய, தொடப்படாத ரைபிள், இராணுவம் புதுப்பித்தது, உறுப்புகள் கலந்தது, தனியார் தேய்த்து மெருகிட்டது, அறுக்கப்பட்டது. தொலைநோக்கியுடன் கூடிய குறிசுடும் வகை தனி. அதன் விலை பன்மடங்கு என்பதால் போலிகளும் உண்டு. பின்கட்டையின் கழுத்தில் பொறித்த எண் தொலைநோக்கியின் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது முதற்சோதனை.

விலைக்கு விற்பனையாளர் கேட்கும் தொகையை நம்பக்கூடாது. ஏலங்களில் உண்மையில் விற்றுமுடிந்த தொகைகளையே ஒப்பிட வேண்டும். குழலின் உட்புறத் தேய்வையும், போல்ட் முகப்புக்கும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியையும் துப்பாக்கித் தொழிலாளி அளந்து சொல்வார். வேறு ரைபிளின் போல்ட் பொருத்தப்பட்டிருந்தால் இந்த அளவு தவறிச் சுடுபவருக்கே ஆபத்தாகலாம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. கனடாவில் 'பழம்பொருள்' சலுகை 1898க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கே, அவற்றிலும் சிலவற்றுக்கே உண்டு. 1943ல் செய்த ரைபிளை வைத்திருக்க உரிமம் வேண்டும்.

ஆகவே தாத்தா வீட்டு நிலவறையில் ஒன்று கிடைத்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். உரிமம் உள்ள ஒருவரை அழைத்துத் தோட்டா இல்லை என்று உறுதி செய்து, முத்திரைகளைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு துணியும் சிறிது எண்ணெயும் போதும். அழுக்கென்று நாம் நினைப்பதைத்தான் வாங்குபவர் விலை கொடுத்து வாங்குகிறார்.