தந்தை ஓதிய சுவடியும் மகவு படிக்கும் புத்தகமும்

தாம் சிறுவயதில் படித்த நூலைத் தம் மகவை அருகிருத்தி மீண்டும் படிப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. இதனை வெறும் பழைய நினைவின் நெகிழ்ச்சி என்று ஒதுக்குவாரும் உளர். ஆயின், தமிழ்நாட்டு வரலாற்றின் ஒளியில் இதனை நோக்குமிடத்து இரு வினாக்கள் எழுகின்றன. பெற்றோரும் பிள்ளையும் ஒரே நூலைப் பயிலும் வழக்கம் நம்மிடையே எவ்வாறு நிலவிற்று? அது யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திண்ணைப் பள்ளியின் சுவடிகள்

அச்சுப் புத்தகம் பரவுமுன், திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தனர். அரிச்சுவடிக்குப் பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை போன்ற நூல்களை உரக்க ஓதி மனனம் செய்தனர். இப்பாடங்கள் தலைமுறைதோறும் பெரிதும் மாறவில்லை. பாட்டன் ஓதியதைத் தந்தை ஓதினான்; தந்தை ஓதியதை மகன் ஓதினான். ஆகவே, மகன் வீட்டில் பாடம் ஒப்புவிக்கையில், பயின்ற தந்தை ஏட்டைப் பாராமலே பிழை திருத்த வல்லவனாயிருந்தான். அவ்விருவரையும் பிணைத்தது ஓலைச் சுவடியன்று. இருவர் நாவிலும் குடியிருந்த சொல்லே அவர்களைப் பிணைத்தது.

ஆனால் இச்செல்வம் எல்லார்க்கும் உரியதாயிருக்கவில்லை. பெண்மக்களுள் மிகச் சிலரே எழுத்தறிந்தனர். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவருக்கோ அத்திண்ணையில் இடமே இல்லை. அவர்தம் வீடுகளில் தாலாட்டும் கதையும் விடுகதையும் இருந்தன. தந்தை மகனுக்குக் கையளிக்கத்தக்க நூல் இல்லை.

2. சிறுவரோடு அமர்ந்த சீகன்பால்கு

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்திறங்கிய பர்த்தொலொமேயு சீகன்பால்கு, தமிழாசிரியர் ஒருவருடைய பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் எழுதித் தமிழ் கற்றார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழ்ப் பிள்ளைகளின் நெஞ்சில் பதிந்தவை எவை என்பதை அறியாமல் தமிழரோடு உரையாட இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். அம்மொழிபெயர்ப்புகள் நெடுங்காலம் கையெழுத்துப் படிகளாகவே கிடந்து, 1930இல்தான் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின என்பது நினைக்கத்தக்கது.

பெண்பிள்ளைகளுக்கென 1707இல் தரங்கம்பாடியில் பள்ளி தொடங்கப்பட்டதும், 1712இல் அச்சு இயந்திரம் வந்ததும், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி நிறைவுற்றதும் நாம் நன்கறிந்த செய்திகள். நூல் முதன்முறையாகப் புதிய கைகளை எட்டிற்று. எனினும் ஒரு குறையையும் மறைத்தலாகாது. இப்பள்ளிகளில் பிள்ளைகள் பலர் உணவும் உறைவிடமும் பெற்று, பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தனர். பிள்ளைக்கு நூல் கிடைத்தது. ஆனால் அதனை இரவில் பெற்றோரோடு அமர்ந்து படிக்கும் வாய்ப்பு அவ்விடத்தே குன்றிற்று.

3. பிள்ளை படிக்க, பெற்றோர் கேட்டல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறுவர் நூல் பெரும் அக்கறைக்குரிய பொருளாயிற்று. சென்னைப் பள்ளிப் புத்தகச் சங்கம் 1820இல் தோன்றிற்று. சிறுவர்க்கென ‘பாலதீபிகை’ என்னும் இதழ் 1840இல் வெளிவந்தது. விவிலிய மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்ற யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், தம் சைவச் சிறுவருக்கெனப் பாலபாடங்களை 1850 முதல் வெளியிட்டார். ஜான் மர்டாக் உழைத்த கிறிஸ்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கம் 1858இல் நிறுவப்பெற்றுப் பள்ளி வாசகங்களை அச்சிட்டது. சமயத்தால் மாறுபட்ட இவர்கள் ஒன்றில் உடன்பட்டிருந்தனர்: இளமையில் படித்தது இறுதிவரை நிற்கும்.

சிறுவருக்கென எழுதப்படாத நூல்களும் வீட்டு நூல்களாயின. ஜான் பனியனின் நூல் 1678இல் முதிர்ந்தோருக்காகவே எழுதப்பட்டது. சாமுவேல் பவுல் ஐயர் தமிழாக்கிய ‘மோட்ச பிரயாணம்’ வழியாக அது நம் சபைகளின் வீடுகளில் புகுந்தது. பிறந்த பிள்ளையின் பெயரையும் நாளையும் முன் தாளில் எழுதிவைத்த குடும்ப வேதாகமமும் அவ்வாறே தலைமுறைகளைக் கடந்து வந்தது.

இங்கே வரலாற்றில் ஒரு தலைகீழ் மாற்றம் நேர்ந்தது. எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகள் மிஷன் பள்ளியில் பயின்று வீடு திரும்பி, விளக்கொளியில் உரக்கப் படித்தனர். தாயும் தந்தையும் கேட்டிருந்தனர். கொடுக்கும் கை பெற்றோருடையதன்று, பிள்ளையுடையதாயிற்று. எழுத்தறியாத தாய் செவிவழிக் கேட்டதை நெஞ்சில் இருத்தினாள். பின்னர்ப் பேரப்பிள்ளைக்கு அவளே அதனைச் சொன்னாள். தீமோத்தேயு சிறுவயது முதல் வேத எழுத்துகளை அறிந்தவன் என்று கூறுமிடத்து, கிரேக்க மூலத்தில் உள்ள சொல் கைக்குழந்தையைக் குறிப்பது. எழுத்தறியுமுன் அவன் கேட்டே அறிந்திருத்தல் வேண்டும். நம் பாட்டிமாரும் அவ்வழியில் நின்றவர்களே.

4. செங்கற்பட்டுச் சீமையில்

இவ்வரலாறு நம் பகுதியை எவ்வாறு தொடுகிறது? திருப்பெரும்புதூர் வட்டம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்ஹீர், நிலமற்ற ஆதிதிராவிட மக்களின் அவல நிலையை விரித்துரைத்த அறிக்கையின் பயனாக, 1892இல் அவர்களுக்கு நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. அவர்தம் கல்வி குறித்த ஆணை 1893இல் வந்தது. பள்ளிக்குச் செல்லவேண்டிய சிறுவன் பண்ணையில் மாடு மேய்த்த காலம் அது. நம் சபைக் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதல் நூலைத் தொட்டவர் பாட்டனாரோ தந்தையோதான்.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகளும் உரோமானிய மட்கலத் துண்டுகளும் வெளிப்பட்டன. கல்லும் ஓடும் மண்ணில் நிலைக்கின்றன. சிறுவன் மணலில் எழுதிய எழுத்தோ அன்றே அழிந்தது. ஓலைச் சுவடியும் மட்கிற்று. ஒருவர் மற்றொருவருக்குப் படித்துக் காட்டியதனால் மட்டுமே நூல் நிலைபெற்றது. அச்செயல் ஒரு தலைமுறையில் நின்றுவிடின், அதனை எந்த அகழாய்வும் மீட்டுத் தராது.

இன்று அதே நிலத்தில் ஆலைகள் எழுந்துள்ளன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், இவ்வழித்தடத்துக் குடும்பங்களின் பொழுதே மாறிவிட்டது. தந்தை இரவு ஷிப்டுக்குப் புறப்படும் நேரமே பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும் நேரம். இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. தமிழ் வழியில் பயின்ற பெற்றோர், ஆங்கில வழியில் பயிலும் பிள்ளையின் புத்தகத்தைப் படிக்கத் தயங்குகின்றனர். பிள்ளையோ பெற்றோர் இளமையில் விரும்பிய தமிழ்க் கதையைத் தடுமாறியே படிக்கிறது. முன்னாளில் எழுத்தறியாத தாய்க்கும் எழுத்தறிந்த பிள்ளைக்கும் மொழி ஒன்றாயிருந்தது. இந்நாளில் இருவரும் எழுத்தறிந்தவர். ஆயினும் இடையே நூல் இல்லை. 1947இல் தொடங்கிப் பல தலைமுறைச் சிறுவரை மகிழ்வித்த அம்புலிமாமாவும் இன்று வெளிவருவதில்லை.

5. முடிவுரை

இளமையில் படித்த நூலின் அருமை அந்நூலின் பழமையில் இல்லை. இருவர் சேர்ந்து படித்தலில் உள்ளது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. இளமைக்குரிய நூல் கையிலிருப்போர் அதனைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுக. அத்தகைய நூல் இல்லாதோர் அதனால் வறியரல்லர். பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தையே அதன் வாயால் படிக்கச் சொல்லி, பொருளைத் தமிழில் உரைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நம் பாட்டன்மார் அவ்வாறு கேட்டவர்களே. ஓய்வுநாட் பள்ளி நடத்தும் ஆயர்களும் ஆசிரியர்களும், பிள்ளைக்கு ஒரு சிறு தமிழ் நூலைக் கொடுத்து, ‘இதனை வீட்டில் படித்துக் காட்டி வா’ என்று அனுப்புதல் நலம். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அப்பிள்ளை தன் மகவோடு அமர்ந்து எடுக்கும் நூல் அதுவாயிருக்கலாம்.