கழற்றப்பட்ட கொக்கி

அமெரிக்காவில் ஐம்பது வருஷத்துப் பழைய ஸ்டேஷன் வேகனை வாங்குகிறவருக்கு எஞ்சின் பாகங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். கார்புரேட்டர், பிரேக் டிரம், பிஸ்டன் ரிங் எல்லாவற்றையும் இன்றைக்கும் புதுசாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் அதே வண்டியின் பின்னால் டிரெய்லரைக் கோர்க்கிற இரும்புக் கொக்கி, அவர்கள் 'ஹிட்ச்' என்று சொல்வது, லேசில் கிடைக்காது. இத்தனைக்கும் அது நாலு இரும்புப் பட்டை, சில போல்ட்டுகள், நுனியில் ஓர் உருண்டை. அவ்வளவுதான். பிறகு ஏன் இந்தப் பஞ்சம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு தேசம் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் மாறிய கதை கூடவே வருகிறது.

முதலில் வண்டியைப் பார்ப்போம். ஸ்டேஷன் வேகன் என்ற பெயரில் இருப்பது ரயில்வே ஸ்டேஷன்தான். ரயிலில் வந்து இறங்குகிறவர்களையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் ஓட்டலுக்கோ பண்ணை வீட்டுக்கோ கொண்டுபோய் விடுவது அதன் வேலை. ஆரம்பத்தில் கார் கம்பெனியிடம் சேஸிஸை வாங்கி, மேலே மரக்கூட்டைத் தனியாகக் கட்டிக்கொள்வார்கள். 1929இல் ஃபோர்டு தன் மாடல் ஏ வரிசையில் தானே வேகன் விற்க ஆரம்பித்தது. மரம் வந்தது மிச்சிகனில் அயர்ன் மவுண்டன் என்ற ஊரில் இருந்த ஃபோர்டின் சொந்த ஆலையிலிருந்து. மரமென்றால் பராமரிப்பு ஜாஸ்தி, வார்னிஷ் அடித்து மாளாது. 1946இல் வில்லிஸும் 1949இல் பிளிமத்தும் முழுக்க இரும்பாலான வேகனைக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகுதான் அது வசதியானவர்களின் பண்ணை வாசலிலிருந்து நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்தது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கானவர்கள் வேலை தேடியும் வீடு தேடியும் மாநிலம் விட்டு மாநிலம் போனார்கள். கடற்படையிலிருந்து வெளியே வந்த லியோனார்ட் ஷோன், மனைவி ஆனா மேரியோடு சேர்ந்து 1945இல் வாஷிங்டன் மாநிலத்து ரிட்ஜ்ஃபீல்டில் டிரெய்லர் வாடகைத் தொழில் தொடங்கினார். கையில் இருந்தது 5,000 டாலர். அதுதான் பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்த யூ-ஹால். ஓர் ஊரில் பெட்ரோல் பங்கில் டிரெய்லரை எடுத்து, போய்ச் சேருகிற ஊர் பங்கில் விட்டுவிடலாம். யோசித்துப் பாருங்கள், திரும்பி வராதவர்களுக்காகவே உண்டான வாடகை முறை இது.

அந்த டிரெய்லரைக் காரின் பின் பம்பரில் கவ்வி மாட்டி, ஒரு சங்கிலியும் போட்டுவிடுவார்கள். அன்றைய பம்பர் தடித்த இரும்பு. நேராகச் சேஸிஸோடு முடுக்கப்பட்டிருந்தது, சின்ன பாரத்தைத் தாங்கும். கொக்கி அப்போது காருடைய பாகமாகவே ஆகவில்லை. டிரெய்லரோடு வரும், டிரெய்லரோடு போய்விடும்.

1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 41,000 மைலுக்குச் சாலை போடத் திட்டம். குடும்பங்கள் ஊர் மாறுவதற்கு மட்டுமில்லாமல் ஊர் சுற்றவும் வண்டியை எடுத்தன. பின்னால் படகு, கூடார வண்டி, ஏர்ஸ்ட்ரீம் மாதிரி ஒரு சின்ன வீடே. பாரம் ஏறிக்கொண்டே போனது, பம்பர் போதவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்கு பேசணும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி உருண்டையின் மேல் உட்கார வேண்டும். 3,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 300 முதல் 450 பவுண்டு. இது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி தளரும். இதற்கு ஸ்பிரிங் கம்பிகளை நெம்புகோலாக வைத்து, பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்குத் தள்ளுகிற ஹிட்ச்சுகள் வந்தன. அவ்வளவு விசையைத் தாங்க, கொக்கியைச் சேஸிஸிலேயே போல்ட் போட்டு இறுக்கணும். சேஸிஸ் மாடலுக்கு மாடல் வேறு. ஆக, கொக்கியும் வேறு.

பழைய வேகன் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். 1971 செவ்ரோலே பெரிய காரை எடுத்துக்கொள்ளுங்கள். செடானின் சக்கர இடைவெளி 121.5 அங்குலம், வேகனுக்கு 125. செடானுக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங், வேகனுக்குப் பட்டை ஸ்பிரிங். போதாததற்கு அந்த வேகனின் பின்கதவு தரைக்கு அடியில் நழுவி ஒளிந்துகொள்ளும். பெயரைப் பார்த்து செடான் ஹிட்ச்சை வாங்கினால் ஓட்டை ஓட்டையோடு சேராது.

பம்பரில் கவ்வுகிற பழைய வழியும் சீக்கிரமே அடைபட்டது. மணிக்கு 5 மைல் வேக இடியைத் தாங்க வேண்டும் என்ற விதி 1973 மாடல்களில் முன் பம்பருக்கும் 1974 மாடல்களில் பின் பம்பருக்கும் வந்தது. இடித்தால் உள்வாங்குகிற மாதிரி பம்பரைச் செய்தார்கள். உள்வாங்குகிற பம்பரில் எதைக் கட்டி இழுப்பது?

கடைசி அடி எரிபொருள் சட்டத்திலிருந்து. 1975 சட்டத்தின்படி வேகன் கார் கணக்கில் வந்தது. 1983 கடைசியில் கிரைஸ்லர் இறக்கிய மினிவேனோ இலகு டிரக் கணக்கில் தப்பியது, டிரக்குக்கு விதி தளர்வு. பெரிய வேகன்களின் வரிசை 1996இல் பியூயிக் ரோட்மாஸ்டர், செவ்ரோலே கேப்ரிஸ் இரண்டோடும் முடிந்தது. இழுக்கிற வேலை பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் போனது, ஹிட்ச் கம்பெனிகளும் அந்தப் பக்கமே திரும்பின.

அப்படியானால் அந்தக் காலத்தில் மாட்டிய கொக்கிகள் எல்லாம் எங்கே? நிறைய காயலான் கடைக்குப் போயின. மிச்சமிருந்த பலவற்றைக் கழற்றியவர்கள் வண்டியை நேசித்தவர்களேதான். கொக்கி இருந்தால் 'பாரம் இழுத்த வண்டி' என்று அர்த்தம், விலை குறையும். ஷோரூமிலிருந்து இறங்கிய நாள் மாதிரி இருக்கணும் என்பதற்காகக் கழற்றி எறிந்தார்கள். ஷோரூமில் அந்த வண்டி நின்றது சில வாரங்கள் இருக்கலாம். குடும்பத்தோடு ஓடியது பல வருஷம். சில வாரத்தைக் காப்பாற்ற பல வருஷத்தை அழித்திருக்கிறோம். பழையதைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லும்போதெல்லாம், அதன் எந்த நாளைப் பாதுகாக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்றைக்குத் தேடுகிறவர்களுக்கு இரண்டு வழி. காயலான் கடையில் அதே மாடல் வேகனைக் கண்டுபிடித்து, அடியில் படுத்துக் கழற்றுவது. அப்படிக் கிடைத்த இரும்பில் வெல்டிங் விரிசலும் உட்துருவும் பார்க்கணும், எவ்வளவு இழுக்கலாம் என்று பொறித்த தகடு இருக்கிறதா என்றும் பார்க்கணும். இல்லையென்றால் கைதேர்ந்த வெல்டரிடம் வண்டியை விட்டு, அளந்து செய்யச் சொல்வது. செலவுதான். ஆனால் நெடுஞ்சாலையில் கொக்கி பிடுங்கிக்கொண்டால் ஆபத்து பின்னால் வருகிற யாரோ ஒரு குடும்பத்துக்கு.

எப்படியிருந்தாலும் முதல் வேலை டார்ச் லைட்டோடு அடியில் பார்ப்பது. மேலே என்னதான் பாலிஷ் போட்டிருந்தாலும், தொழிற்சாலை போடாத நாலு ஓட்டைகள் சேஸிஸில் இருக்கலாம். வட்டமாக இருந்தால் நல்லது. நீண்டு முட்டை வடிவமாகியிருந்தால், போல்ட் ஆடி ஆடித் தேய்த்திருக்கிறது, சேஸிஸைச் சரிசெய்யாமல் அங்கே எதையும் மாட்டக் கூடாது. யார் என்னத்தை இழுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போனார்கள் என்பதை அந்த ஓட்டை சொல்லாது. தாங்க முடியாத பாரத்தோடு போனார்கள் என்பதை மட்டும் சொல்லும்.