உள்ளமறி திறன்: பதற்றமுள்ள பிள்ளைகளும் தாய்மாரும்

உள்ளமறி திறன் என்பது ஒருவரின் நடத்தைக்குப் பின்னால் உள்ள எண்ணம், ஆசை, அச்சம் ஆகியவற்றை ஊகித்து அறியும் ஆற்றல். தன் மனத்தையும் அவ்வாறே பார்ப்பது இதில் அடங்கும். பதற்றநோய் உள்ள வளரிளம் பருவத்தினரையும் அவர்களின் தாய்மாரையும் பற்றிய ஆய்வுகளில் இது தாய்–பிள்ளைப் பிணைப்போடு சேர்த்துப் பேசப்படுகிறது.

பிணைப்புக் கோட்பாட்டை வகுத்தவர் ஜான் பௌல்பி. உகாண்டாவிலும் பால்டிமோரிலும் தாய்மாரைக் கவனித்து அதற்கு ஆய்வு அடித்தளம் தந்தவர் மேரி எயின்ஸ்வொர்த். லண்டனில் பீட்டர் ஃபோனகி, மிரியம் ஸ்டீல், ஹோவர்ட் ஸ்டீல் ஆகியோர் கருவுற்ற பெண்களிடம் அவர்களுடைய சிறுவயது பற்றிக் கேட்டார்கள். ஓராண்டு நிறைந்த குழந்தை தாயோடு எப்படிப் பிணைந்திருக்கும் என்பதை அந்தப் பதில்கள் பெருமளவு முன்கூட்டியே காட்டியதாக அவர்களின் 1991ஆம் ஆண்டுக் கட்டுரை கூறியது. இத்தகைய பதில்களில் வெளிப்படும் உள்ளமறி திறனுக்கு −1 முதல் 9 வரை மதிப்பெண் இடப்படுகிறது.

மதிப்பெண் எதற்குக் கூடுகிறது என்பதைத் திருநெல்வேலிப் பேச்சில் சொன்னால் எளிதில் விளங்கும். பிளஸ் டூ பரீட்சை நெருங்கும்போது வயிற்றைக் கலக்குகிறது என்று படுத்துவிடும் மகனைப் பற்றி, “சும்மா நடிக்கான்” என்று தாய் சொன்னால் குறைவு. “எம் பிள்ள மனசு எனக்குத் தெரியாதா?” என்பதும் அதிகம் பெறாது, அடுத்தவர் மனம் முழுதாகத் தெரியாது என்ற உணர்வு அதில் இல்லை. “பயப்படுதான்னு நெனைக்கேன், எதுக்குன்னு அவனுக்கே சொல்லத் தெரியல, நான் பதறுததப் பாத்து இன்னும் பதறுதானோ என்னவோ” என்பதே உயர்ந்த மதிப்பெண்ணுக்கு உரியது. பிள்ளையின் பயத்தையும் தன் பயத்தையும் அந்தத் தாய் பிரித்துப் பார்க்கிறாள்.

இதை வைத்துத் தாய்மீது பழிபோடுவது அநியாயம். முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளில் மடியில் பீடித்தட்டோடு இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் பெண்ணுக்குக் கட்டுக் கணக்கு முடிந்தால்தான் கூலி. பக்கத்தில் படிக்கும் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரம் வேண்டும். சோறு, தைலம், கயிறு, தர்காவில் ஓதிய தண்ணீர் என எல்லாம் தருகிறாள், அக்கறையில் குறையில்லை. தனித்துக் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பயந்த பிள்ளைக்காக லீவு லெட்டர் எழுதுவது, அவனுக்குப் பதிலாகத் தானே பேசுவது போன்ற விட்டுக்கொடுப்புகள் அப்போதைக்கு ஆறுதல் தந்தாலும் பதற்றத்தை நீடிக்கச் செய்கின்றன.

யேல் பல்கலைக்கழகத்தில் எலை லெபோவிட்ஸ் உருவாக்கிய சிகிச்சை பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி அளிக்கிறது. பிள்ளையின் பயத்தை ஒப்புக்கொண்டு, அவனால் தாங்க முடியும் என்ற நம்பிக்கையையும் சொல்லி, விட்டுக்கொடுப்புகளைப் படிப்படியாகக் குறைப்பதே அதன் முறை. 124 சிறாரிடம் நடந்த சோதனையில், பிள்ளைகளுக்கு நேரடியாகத் தரப்படும் அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சைக்கு இது குறைந்ததாக இல்லை.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்குவது 1950களின் இறுதியில், மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் காலத்திலேயே தொடங்கியது. நெல்லைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அருகில் இருப்பது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.