அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் சமயம்: பார்வையாளர் ஏற்பு

அறிவியல் புனைவாகவோ அறிவியல் விளக்கம் தேடும் மர்மக் கதையாகவோ அமைந்த தொலைக்காட்சித் தொடர்களில் தெய்வம், வழிபாடு, அருள் போன்ற சமயக் கருக்கள் வரும்போது பார்வையாளர்கள் எவற்றை ஏற்கிறார்கள், எவற்றை மறுக்கிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் இதற்கு முதன்மையான சான்று 1990களில் சன் தொலைக்காட்சியில் வெளியாகத் தொடங்கிய 'மர்மதேசம்' வரிசை. அதிலும் குறிப்பாக 'விடாது கருப்பு'. முழுமையான அறிவியல் புனைவு அல்ல என்றாலும், நம்பிக்கைக்கும் மருத்துவ விளக்கத்துக்கும் இடையில் பார்வையாளரை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த தொடர் அது. கருப்பர் என்னும் காவல் தெய்வத்தின் வழிபாடு இன்றும் அன்றாட வாழ்வாக இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் அதன் பொருள் தெளிவாகும்.

தொலைக்காட்சியும் பக்தியும்

இந்தியாவில் தொலைக்காட்சிப் பெட்டி 1980களிலேயே பக்தியோடு உறவு கொண்டது. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியபோது, பல வீடுகளில் குளித்துவிட்டு வந்து பெட்டிக்கு மாலையிட்டு, ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தார்கள். 1988 முதல் 1990 வரை வந்த 'மகாபாரத்' தொடருக்கும் அந்த மரியாதை கிடைத்தது. திரையில் தெய்வத்தைப் பார்ப்பதும் தரிசனம்தான் என்ற மனநிலை அப்போதே உருவாகிவிட்டது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கி, கேபிள் இணைப்பு சிற்றூர்களுக்கும் பரவியபின், இதே பார்வையாளர்களைத் தேடியே தமிழ்த் தொடர்கள் வந்தன.

கீரனூர் வட்டாரம்

திருச்சிராப்பள்ளி–புதுக்கோட்டைச் சாலையில் உள்ள கீரனூர், குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம். குன்றாண்டார்கோவில், நார்த்தாமலை ஆகிய பழைமையான குடைவரைத் தலங்கள் இதன் சுற்றுப்புறத்தில் உள்ளன. நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழா பெயர்பெற்றது. இந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஊர் எல்லையில் அய்யனாரும், அவருக்குக் காவலாகக் கருப்பரும் நிற்கிறார்கள். வேளார்கள் மண்ணால் குதிரை செய்து சுட்டுத் தர, ஊரார் அதைச் சுமந்துபோய்க் கோயிலில் நிறுத்துவது புரவி எடுப்பு. சாமியாடிக்கு அருள் இறங்குவதும், அருள்வாக்குக் கேட்பதும், தீராத வழக்கில் கருப்பர் முன் சத்தியம் செய்வதும் மக்கள் நேரில் கண்டு வளர்ந்தவை. கையில் அரிவாளோடு இரவில் வெள்ளைக்குதிரையில் வரும் தெய்வம் இங்குள்ளவர்களுக்குக் கற்பனைப் பாத்திரம் அல்ல. பெயர் சொல்லவே குரல் தாழும் காவல்காரர்.

இதே மாவட்டம்தான் 1991–92இல் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தால் நாடறிந்தது. எழுத்தும் அறிவியல் பார்வையும் வீதி நாடகமாகவும் பாட்டாகவும் ஊர் ஊராகப் போயின. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அறிவொளி வகுப்புக்குப் போனவர்கள் ஆடி மாதம் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடவில்லை. சில ஆண்டுகளில் வரவிருந்த 'மர்மதேசம்' தொடரின் பார்வையாளர்கள் இத்தகையவர்களே.

மர்மதேசம்

'மர்மதேசம்' கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பு. கதைகளை இந்திரா சௌந்தர்ராஜன் எழுதினார். முதல் இரு கதைகளான 'ரகசியம்', 'விடாது கருப்பு' இரண்டையும் நாகா இயக்கினார். 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை' முதலியவை பின்னர் வந்தன.

'ரகசியம்' நவபாஷாண லிங்கம் ஒன்றைச் சுற்றி நடக்கிறது. பழனி முருகன் சிலையைச் சித்தர் போகர் ஒன்பது நச்சுப் பொருள்களின் கலவையான நவபாஷாணத்தால் செய்தார் என்ற மரபு தமிழர்களுக்குப் பழகியது. சித்தர் மரபில் மருந்தும் ரசவாதமும் வழிபாடும் தனித்தனித் துறைகள் அல்ல. ஆகவே லிங்கத்தின் ஆற்றல் வேதியியலா தெய்விகமா என்று தொடர் கேட்டபோது, பார்வையாளருக்கு அந்தக் கேள்வி அந்நியமாகப் படவில்லை.

1997–98இல் வந்த 'விடாது கருப்பு' இன்னும் துணிந்தது. ஒரு கிராமத்தில் குற்றம் செய்தவர்கள் அடுத்தடுத்துத் தண்டிக்கப்படுகிறார்கள். கருப்புதான் தண்டிக்கிறது என்கிறது ஊர். நகரத்திலிருந்து வந்த பாத்திரங்கள் மனிதக் கையைத் தேடுகிறார்கள். சேத்தன், தேவதர்ஷினி முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். இறுதியில் கொலைகளுக்குக் காரணம் பிளவாளுமை என்னும் உளநோய் என்று தெரியவருகிறது. உளநோயையும் தெய்வத் தண்டனையையும் இணைத்த 'அந்நியன்' திரைப்படம் வந்தது 2005இல்தான்.

ஏற்பின் தன்மை

இத்தகைய தொடரைப் பார்க்கும் வழிகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நம்பிக்கையாளர் பார்வை. கொலை செய்தவன் ஒரு நோயாளி என்பது கருப்பர் இல்லை என்று பொருள்படாது. தவறு செய்தவனுக்குத் தண்டனை கிடைத்தது. தெய்வம் ஒரு மனிதனைக் கருவியாகக் கொண்டது என்று படிக்க முடியும். அருள் வந்த உடம்பு மனித உடம்புதான் என்பது சாமியாட்டம் கண்ட எவருக்கும் தெரியும்.

இரண்டாவது, பகுத்தறிவுப் பார்வை. திராவிட இயக்கமும் அறிவியல் இயக்கமும் வேரூன்றிய மாநிலத்தில், ஊரின் அச்சத்துக்குப் பின்னால் மனிதக் காரணம் இருந்தது என்ற முடிவு பகுத்தறிவாளர்களுக்கு நிறைவளித்தது.

மூன்றாவது, குழந்தைகளின் பார்வை. விளக்கம் அவர்களிடம் கடைசியில்தான் போய்ச் சேரும். அச்சமும் வியப்பும் முதலில் சேரும். எடுத்துக்காட்டாக, 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த 'சக்திமான்' யோக ஆற்றலும் பஞ்சபூதமும் கலந்த நாயகனைக் காட்டியது. அவன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிச் சிறுவர்கள் ஆபத்தில் இறங்கியதாகச் செய்திகள் வந்தபின், நாயகன் முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி எச்சரித்தார்.

'விடாது கருப்பு' முதல் இரு சாராரையும் ஒரே பெட்டியின் முன் உட்காரவைத்தது. நோயை மெய்யாக விளக்கியது. வழிபாட்டைக் கேலி செய்யவில்லை. சமயத்தைத் தொடும் அறிவியல் கதைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை.

உலகத் தொடர்கள்

அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' (1993–1999) பஜோர் என்னும் கோளின் மக்களைக் காட்டியது. அவர்கள் தீர்க்கதரிசிகள் என்று வணங்குபவர்களை, விண்வெளிப் படையினர் விண்துளையில் வாழும் வேற்றுயிர்கள் என்கிறார்கள். முதல் பருவத்தின் இறுதிப் பகுதியில் பள்ளியில் எதைக் கற்பிப்பது என்பதே சண்டையாகிறது. இரு தரப்பும் பார்ப்பது ஒன்றையே. அழைக்கும் பெயர்தான் வேறு. 'பாபிலோன் 5' தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி இறைமறுப்பாளர். ஆயினும் 1994இல் வந்த ஒரு பகுதியில் பூமியின் பல சமயத்தாரையும் ஓர் இறைமறுப்பாளரையும் ஒரே வரிசையில் நிறுத்தி மரியாதை செய்தார்.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' 2009 மார்ச்சில் முடிந்தபோது நிலைமை வேறு. பல ஆண்டுகள் புதிராகக் காட்டப்பட்டவற்றுக்கு இறைத்திட்டமே விடை என்று அமைந்த முடிவு ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது. 2010இல் முடிந்த 'லாஸ்ட்' தொடருக்கும் அதே கதி. அத்தொடர்களில் சமயம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதற்காக எவரும் கோபப்படவில்லை. காரண காரியத்தோடு விடை வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அது கிடைக்காததே குறையாயிற்று.

எதிர்ப்பும் விதிமுறையும்

கற்பனைத் தெய்வத்துக்கும் இன்று வணங்கப்படும் தெய்வத்துக்கும் பார்வையாளர் வேறுபாடு காண்கிறார்கள். பஜோர் மக்களின் தீர்க்கதரிசிகளுக்குப் பூமியில் கோயில் இல்லை. 'ஜீனா' என்ற மிகுபுனைவுத் தொடரின் 1999ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில் கிருஷ்ணரும் அனுமனும் பாத்திரங்களாக வந்தபோது, இந்து அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தயாரிப்பாளர்கள் அப்பகுதியைத் திரும்பப் பெற்று, திருத்தத்தோடு மீண்டும் வெளியிட்டனர்.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல் விதிகளில் நிகழ்ச்சி நெறிமுறை உள்ளது. சமயங்களைத் தாக்கும் நிகழ்ச்சிக்கு அது தடை விதிக்கிறது. மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிக்கும் தடை விதிக்கிறது. நாட்டார் தெய்வத்தைக் கதையாக்கும் எழுத்தாளர் இவ்விரண்டு கரைகளுக்கும் நடுவே செல்ல வேண்டியவர்.

பிற்காலத் தாக்கம்

நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் பின்னர் நாடி சோதிடத்தை மையமாகக் கொண்ட 'சிதம்பர ரகசியம்' தொடரில் இணைந்தனர். 'மர்மதேசம்' மறுஒளிபரப்பாகவும் யூடியூப் வழியாகவும் அடுத்த தலைமுறையை அடைந்தது. 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானபோது இத்தொடரே பெரிதும் நினைவுகூரப்பட்டது. நாட்டார் தெய்வங்களை வில்லனாகவோ வேடிக்கையாகவோ காட்டாமல், ஓர் ஊரின் நீதி உணர்வாகக் காட்ட முடியும் என்று நிறுவியதே தமிழ்த் தொலைக்காட்சிக்கு அது விட்டுச்சென்ற முன்மாதிரி.