முட்டை எடுத்த கரை

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அன்றாடம் கைமாறும் 20 வெள்ளி நோட்டின் பின்புறத்தில் இரண்டு கடலாமைகள் காணப்படுகின்றன. 2012இல் வெளிவந்த அந்நோட்டில் ஒன்று அழுங்காமை. மற்றொன்று, முதுகில் நீள்வரிகள் ஓடும் ஏழுவரி ஆமை. அவ்வரிகளை நட்சத்திரப் பழத்தின் விளிம்புகளோடு ஒப்பிட்டு, மலாய்க்காரர் அதனைப் 'பெஞ்யூ பெலிம்பிங்' என்பர்.

ஆமை நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. மணலில் முட்டையிட்டு மறைக்கும் பெண் ஆமையையும், குஞ்சு பொரியும்வரை காவல் நிற்கும் ஆணையும் அகநானூற்றின் 160ஆம் பாட்டில் காண்கிறோம். முன்னது இயற்கை, பின்னது புலவர் உள்ளம் கண்ட அன்பு. உண்மையில் கடலாமை முட்டையைக் காப்பதில்லை. மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அதன்பின் முட்டையின் கதி கரையில் வாழ்வோர் கையில் உள்ளது. இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

திரெங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை ஏழுவரி ஆமைகள் நெடுந்தொலைவு நீந்தி வந்தன. 1950களில் ஓராண்டில் ஏறத்தாழ 10,000 கூடுகள் காணப்பட்டன. கரையோர மக்கள் ஆமையைக் கொல்லவில்லை. அதன் ஊனை உண்பதும் அவர் வழக்கமன்று. முட்டைகளை மட்டும் எடுத்து உண்டனர், சந்தையில் விற்றனர். 1951ஆம் ஆண்டின் ஆமைச் சட்டம் இத்தொழிலை உரிமமுறைக்குள் கொண்டுவந்தது. கரை பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விடப்பட்டது. ஏறக்குறைய எல்லா முட்டைகளும் எடுக்கப்பட்டன.

தீங்கு உடனே புலப்படவில்லை. ஆமை பருவமெய்தப் பல ஆண்டுகள் ஆகும். பருவமெய்திய பின்னரும் நெடுநாள் வாழும். ஆகவே, குஞ்சுகள் கடல் சேராமற்போன பின்னரும் தாய் ஆமைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருந்தன. கரை நிறைந்திருப்பதாகவே மக்கள் எண்ணினர். முதிய ஆமைகள் மறையத் தொடங்கியபோது அவற்றின் இடத்திற்கு வர இளையவை இல்லை. மீன்பிடி வலைகளும் பல ஆமைகளை மாய்த்தன.

காக்கும் முயற்சி இல்லாமலில்லை. 1961இல் குஞ்சு பொரிப்பகம் தொடங்கப்பட்டது. ஆயினும் பொரித்தவை மிகச் சிலவே. மணலின் வெப்பமே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கும். வெப்பம் மிகுந்த பொரிப்பகங்களில் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே தோன்றின என்பதைப் பின்னாளில் ஆய்வாளர் கண்டனர். 1988இல் ஏழுவரி ஆமை முட்டையின் விற்பனை தடுக்கப்பட்டது. அப்போது காலம் கடந்துவிட்டது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஒரு கூடும் காணாத பருவங்களும் வந்தன.

தாயைக் கொல்லாமல் விட்டதனால் தீங்கொன்றும் செய்யவில்லை என்று ஒரு தலைமுறை நம்பியது. வழித்தோன்றல் அற்றதை அடுத்த தலைமுறை கண்டது. எல்லா ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் திரெங்கானுவில் 2022இல் தடை வந்தது. பேராமைகள் இன்றும் அக்கரைகளுக்கு வருகின்றன. அவற்றுக்கேனும் சட்டம் காலத்தே வந்ததா என்பதை, இன்று கடல் சேரும் குஞ்சுகள் வளர்ந்து கரை திரும்பும் ஆண்டுகளே சொல்லும்.