வீட்டில் நடத்தைப் பயிற்சி: ஆட்டிசக் குழந்தையும் குடும்பத்தின் தாங்குதிறனும்

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே நடத்தைப் பயிற்சி தொடங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, பலன் உண்டா என்பதைத்தான். அதற்கு இணையாக இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். பலன் கண்ட ஆய்வுகளில் பயிற்சியை யார் தந்தார்கள், யார் மேற்பார்வையிட்டார்கள், அதே ஏற்பாடு இந்த வீட்டில் நடக்குமா? குடும்பத்தின் தாங்குதிறனும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இத்துறையின் போக்கை மாற்றியது, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஐவார் லோவாஸ் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வு. நான்கு வயதுக்குட்பட்ட 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல், இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ பயிற்சி தரப்பட்டது. மாணவப் பயிற்சியாளர்கள் வீடு தேடி வந்தார்கள். பெற்றோரும் முறையைக் கற்றுக்கொண்டு மீதி நேரத்தில் தொடர்ந்தார்கள். அவர்களில் 9 குழந்தைகள் இயல்பான அறிவுத்திறன் அளவை எட்டி, பொதுப்பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள்.

பெற்றோருக்கு இந்த எண்ணிக்கை பெரும் நம்பிக்கை தந்தது. ஆனால் குழந்தைகள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை. பயிற்சியாளர் கிடைத்ததைப் பொறுத்தே யார் எந்தக் குழு என்பது முடிவானது. உரத்த அதட்டலும் சிலவேளை தொடையில் அடியும் அன்றைய முறையில் இருந்தன. இன்று எந்தப் பெற்றோரும் அவற்றை ஏற்கக் கூடாது.

பின்வந்த ஆய்வுகள் நிதானமான முடிவுகளையே தருகின்றன. 2000இல் ஸ்மித் குழுவினர் 28 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். முதல் ஆண்டில் வாரம் ஏறத்தாழ 25 மணி நேரம் பயிற்சி பெற்றவர்கள் அறிவுத்திறனில் முந்தினார்கள். அன்றாட வாழ்க்கைத் திறன்களிலோ, பிரச்சினைக்குரிய நடத்தைகளிலோ அந்த வேறுபாடு தெரியவில்லை. 2018இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில் 5 ஆய்வுகளும் 219 குழந்தைகளும் இடம்பெற்றனர். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் குலுக்கல் முறையில் நடந்தது. பலனுக்கான அறிகுறிகள் உண்டு, ஆனால் சான்று வலுவில்லாதது என்பதே அதன் முடிவு.

இனி வீட்டுக் கணக்கு. வாரம் 40 மணி நேரம் என்றால் ஐந்து நாளும் நாளுக்கு 8 மணி நேரம். ஒருவர் செய்யும் முழுநேர வேலைக்குச் சமம். அதைத் தாய் ஏற்றால் அவருடைய சம்பளமும் உறக்கமும் என்னவாகும்? பயிற்சியாளர் வந்தால், வீட்டுக்குள் நாள் முழுதும் ஒரு வெளியாள் இருப்பதை எல்லாரும் ஏற்பார்களா? உடன்பிறந்த குழந்தை எங்கே உட்கார்ந்து படிக்கும்? கேட்டு வாங்கப் பழக்கும் வேளையில், அழுததுமே கைபேசியைக் கொடுத்துவிடும் தாத்தாவிடம் யார் பேசுவது? இவற்றுக்கு விடை இல்லாமல் தொடங்கும் திட்டம் சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும்.

பெற்றோர் தலைமையேற்க முடியாது என்பதல்ல இதன் பொருள். 2005இல் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து சாலோஸும் கிராப்னரும் வெளியிட்ட ஆய்வில், நிபுணர்கள் வழிநடத்திய குழுவும் பெற்றோர் வழிநடத்திய குழுவும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறின. ஆனால் அந்தப் பெற்றோருக்குப் பின்னால் பயிற்சியாளர்களும் மேற்பார்வையாளர்களும் இருந்தார்கள்.

குறைந்த நேரத்தில் நடக்கும் வேறு வழிகளும் உண்டு. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ‘பாஸ்’ ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் ஆறு மாதத்தில் 12 அமர்வுகள் நடத்தி, பெற்றோருக்குக் குழந்தையின் சைகையைக் கவனித்துப் பதில் தரக் கற்பித்தார்கள். இது நடத்தைப் பயிற்சியிலிருந்து வேறுபட்ட முறை. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வது கூடியது. பெற்றோரும் குழந்தையும் ஒன்றிக் கவனம் செலுத்தும் நேரமோ குறைந்தது.

இலக்குகளையும் குடும்பம் உரசிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கேட்பது, கழிப்பறைப் பழக்கம், வலியைச் சொல்வது ஆகியவை குழந்தையின் வாழ்வை நேரடியாக எளிதாக்குகின்றன. கையை உதறாதே, கண்ணைப் பார் என்று வற்புறுத்துவது யாருக்காக? இத்தகைய பயிற்சி தங்களைக் காயப்படுத்தியது என்று வளர்ந்த ஆட்டிச மனிதர்கள் பலர் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வதும் சான்றுதான்.

ஆகவே மூன்று மாதச் சோதனைக் காலம், எழுத்தில் இலக்குகள், எப்போது நிறுத்துவது என்ற முன்னுடன்பாடு ஆகியவை நியாயமான தொடக்கம். மதிப்பீட்டு அறிக்கையில் குழந்தையின் திறன்களோடு வீட்டின் நேரம், ஆள், பணம் ஆகியவற்றையும் நிபுணர் எழுத வேண்டும். பத்து மணி நேரமே முடிகிற வீட்டுக்கு நாற்பது மணி நேரத் திட்டத்தைக் கொடுத்துவிட்டு, முன்னேற்றம் இல்லையென்று தாயைக் குறை சொல்வது அநீதி. அந்தப் பத்து மணி நேரத்தில் எதை முதலில் கற்பிப்பது என்று வகுத்துத் தருவது நிபுணரின் கடமை.